அவுட்போர்டு மோட்டாரில் பிளாக் இறுகிக் கிடக்கிறது, வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, தம்பிகளே, வணக்கம். மண்டபத்தில் மாமாவின் படகில் ஓடிய 2 சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார்) ஒன்று, இப்போது மதுரையில் என் பட்டறையில் இருக்கிறது. முழுசாகப் பிரித்துச் சரிபண்ண வேண்டும். (வைகையில் ஓட்டப் போறியா என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.)

பவர்ஹெட் (மேலே உட்காரும் இன்ஜின் பகுதி) போல்ட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன. தலை முறிந்த ஒன்றையும் டிரில் போட்டு எடுத்தாச்சு. ஆனாலும் இன்ஜின் பிளாக் மேலே வர மறுக்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் கேஸ்கெட் (இரண்டு முகங்களுக்கு இடையே கசியாமல் அடைக்கும் தகடு) ஒரு ஓரம் மட்டும் மயிரிழை பிரிகிறது. கியர் ராடை விடுவித்து, கீழே புரொப்பல்லர் பக்கம் உள்ள கியர் கேஸ் போல்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன், அதுவும் இறங்கவில்லை. அதனால் இன்ஜினிலிருந்து கீழே கியருக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் ஸ்ப்லைன் (பல் வெட்டிய மேல்முனை) கிராங்க் ஷாஃப்டுக்குள் உப்புத்தண்ணீர் துருவால் பிடித்திருக்கும் என்பது என் கணக்கு.

லேத்காரர் கடப்பாறையால் நெம்பலாம் என்கிறார். எனக்கு மனசில்லை. அலுமினிய முகம் பள்ளமானால் அப்புறம் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. கேஸ் டார்ச்சும் பயம்தான்: அலுமினியம் சிவக்காமலே 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே கிராங்க் ஷாஃப்டின் ரப்பர் சீல் கருகிவிடும்.

இன்ஜினைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, ஷாஃப்ட் வழியாகத் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் ஸ்ப்லைன் வரை போகுமா? இல்லை, கிடைக்கிற இடைவெளியில் பிளேடு விட்டு ஷாஃப்டையே அறுத்துவிடலாமா? அறுத்தால் பழைய ஷாஃப்ட் ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கிடைக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.