அய்யன் தட்டில் கொள்ளு எவ்வளவு வைக்கலாம்?

வணக்கமுங்க. கோபி பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்க அய்யனுக்கு 67 வயது, எடை 55 கிலோ, நெடுநாள் சர்க்கரை. சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறதே என்று பரிசோதித்தால் ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம் இறங்குகிறதாம். டயாலிசிஸ் அளவுக்குப் போகவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். சிறுநீரகம் ஒரு நாளைக்கு ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கிறது. அதோடு இறங்கும் அமினோ அமிலங்களை (புரதத்தின் சிறு கூறுகளை) நுண்குழல்கள் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆல்புமின் போன்ற பெரிய புரதம் வடிகட்டியிலேயே நிற்க வேண்டும்; அய்யனுக்கு அந்தச் சல்லடைதான் பழுது. உடம்புக்கு மிஞ்சிய புரதத்தின் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்க, அதை வெளியேற்றும் வேலையும் சிறுநீரகத்தின் தலையில்தான்.

ஆகவே கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது நாளைக்கு 44 கிராம் புரதம். ஆனால் எங்கள் வீட்டில் மதியம் கொள்ளுப் பருப்பு, ராத்திரி பச்சைப்பயறு கடைசல். வேகவைக்காத 100 கிராம் கொள்ளிலேயே 22 கிராம் புரதம் இருக்கிறது. அம்மாவின் 'ஒரு கரண்டி' என்பது குழிக்கரண்டி, அதுவும் கோபுரமாக! குறைத்தால் "இதென்ன, கோழிக்கு வெச்சிருக்கியா?" என்று அய்யன் தட்டைத் தள்ளிவிடுகிறார்.

இதே நிலையில் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்பவர்கள், வெந்த பருப்பை எப்படி அளக்கிறீர்கள்? ஈரோடு, கோவைப் பக்கம் நம்மூர்ச் சாப்பாட்டை வைத்தே பட்டியல் போட்டுத் தரும் உணவியல் நிபுணர் இருந்தால் சொல்லுங்க. நாட்டு மருந்து, கசாயம் மட்டும் வேண்டாமுங்க.