பிள்ளைகள் கொரோனாவைப் பரப்பவே இல்லையாம்!

கணக்குப்பிள்ளை:
"பிள்ளைகள் கொரோனாவைப் பரப்பவே இல்லை, பள்ளிகளை மூடியது வெறும் பீதி" என்று நேற்று ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு ஆமாம் போட நாலு பேர் வேறு. தென்கொரியாவில் 2020 தொடக்கத்தில் 5,706 நோயாளிகளின் தொடர்பில் இருந்த 59,073 பேரைப் பின்தொடர்ந்தார்கள். முதலில் நோய் கண்டவர் 10 முதல் 19 வயதுக்குள் இருந்தால், அவர் வீட்டாரில் 18.6 சதவீதம் பேருக்குத் தொற்று. எல்லா வயதையும் சேர்த்த வீட்டுச் சராசரியே 11.8 தான். 18.6 என்ற எண்ணைப் பார்த்த பிறகும் "பரப்பவே இல்லை" என்று எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

நீலக்குடை:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லித் திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் 18.6 எப்போதோ காலாவதியாகிவிட்டது ஐயா. அதே கொரியாவில் தொற்று கண்ட 107 பிள்ளைகளையும் அவர்கள் வீட்டார் 248 பேரையும் வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. பிள்ளையும் பெற்றோரும் ஒரே இடத்தில் தொற்று வாங்கியிருக்கக்கூடிய நிகழ்வுகளைக் கழித்துப் பார்த்தால், பிள்ளையிடமிருந்து வீட்டில் பரவியதாகச் சொல்ல மிஞ்சியது ஒரே ஒரு நிகழ்வு. 0.5 சதவீதம். அது உங்கள் கண்ணில் படவில்லையா, படக்கூடாது என்று வைத்திருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
59,073 பேரைப் பார்த்த ஆய்வைக் கவிழ்க்க 107 பிள்ளைகளோடு கிளம்பி வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

நீலக்குடை:
59,073 என்று மிரட்ட வேண்டாம். 18.6 அத்தனை பேரிடமிருந்தும் வந்த எண் அல்ல. 231 வீட்டாரில் 43 பேர், அவ்வளவுதான். முதலில் நோய் கண்டவர் பத்து வயதுக்குக் கீழே என்றால், வீட்டார் 57 பேரில் 3 பேர், அதாவது 5.3. அதே அட்டவணையில்தான் இருக்கிறது. அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

இரவுப்பணி:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளைகள் என்று எந்த வயதைச் சொல்கிறீர்கள்? நாலு வயதும் பதினேழு வயதும் ஒன்றா? தொற்று, நோய், பரவல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். நான் குழந்தைகள் வார்டில் செவிலி. எங்களைப் பயமுறுத்தியது இந்தச் சதவீதம் அல்ல. கொரோனா வந்து போனதே தெரியாமல் ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து விடாத காய்ச்சலோடு வரும். கண் சிவந்திருக்கும், பீளை இருக்காது. உதடு வெடித்திருக்கும். வயிற்று வலியில் சுருண்டுகொள்ளும், குடல்வால் அழற்சியோ என்ற சந்தேகம்தான் முதலில் எழும். அதற்குள் இரத்த அழுத்தம் சரியத் தொடங்கிவிடும், இதயம் தளர்ந்துவிடும். இதுதான் எம்ஐஎஸ்-சி, தொற்றுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் ஒருசேர வரும் அழற்சி. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் எச்சரிக்கை வந்த பிறகுதான் மற்ற நாடுகளும் தேடத் தொடங்கின. இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் ஸ்டீராய்டும் நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். அரிதுதான், ஒமிக்ரான் என்ற திரிபு வந்த பிறகு இன்னும் அரிது. ஆனாலும் இதைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

கணக்குப்பிள்ளை:
சிஸ்டர், பயனுள்ள தகவல், நன்றி. ஆனால் பேச்சு பரவலைப் பற்றியது. நீலக்குடையாரே, 43 பேர் என்றாலும் 18.6 என்பது 18.6 தான். அந்த ஆய்வு நடந்த மாதங்களில் அங்கே பள்ளிகள் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மூடியிருந்தபோதே இந்த நிலை!

நீலக்குடை:
மூடியிருந்ததால்தான் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார் என்று பிரிக்க முடியவில்லை. நான் சொல்வதும் அதுதானே? உங்கள் வாதத்தை நீங்களே எனக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

வேப்பங்காய்:
இந்தக் கொரியாவை விட்டு வெளியே வாருங்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிள்ளைகளுக்கான கோடை முகாம். ஆய்வில் எடுத்துக்கொண்டவர்கள் 597 பேர். பரிசோதனை முடிவு தெரிந்தவர்கள் 344 பேர், அதில் 260 பேருக்குத் தொற்று. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பொடிசுகளில் பாதிப் பேருக்கு. அறைகளில் ஒன்றாகத் தூங்கினார்கள், கத்திப் பாடினார்கள், பிள்ளைகளுக்கு முகக்கவசக் கட்டாயம் இல்லை, ஜன்னல்களையும் திறந்துவைக்கவில்லை. பரப்பவே இல்லையாம்!

நீலக்குடை:
ஜன்னலைத் திறக்காதது பிள்ளைகளின் குற்றமா? ஸ்வீடனில் 16 வயது வரை பள்ளியை மூடவே இல்லை. 2020 மார்ச் முதல் ஜூன் வரை, ஏறத்தாழ 19.5 லட்சம் பிள்ளைகளில் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 15 பேர். இறப்பு ஒன்றுகூட இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்த ஸ்வீடனிலேயே, நேரில் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கு, ஆன்லைனுக்கு மாறிய மேல்நிலை ஆசிரியர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தொற்று என்று பின்னால் வந்ததே, அதையும் சொல்லுங்கள். வாத்தியார் என்றால் உங்கள் கணக்கில் மனிதர் இல்லையோ?

நீலக்குடை:
வாத்தியார் ஐயா, யுனெஸ்கோ கணக்கின்படி உச்சத்தில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு நின்றது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பள்ளியை மூடு என்பது சுலபம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
என் ஓய்வூதியம் உமக்கு ஏன் உறுத்துகிறது? உழைத்து வாங்குகிறேன். பள்ளியை மூடு என்று நான் எங்கே எழுதினேன்? வரியைக் காட்டும்.

கணக்குப்பிள்ளை:
வாத்தியார் ஐயா, விடுங்கள். இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பரவலைக் கேட்டால் மரணத்தைக் காட்டுவார், மரணத்தைக் கேட்டால் படிப்பைக் காட்டுவார். 2021-இல் "தடுப்பூசி போட்டால் பையன்களின் இதயம் நின்றுவிடும்" என்று எழுதி நாலு குடும்பங்களைக் கலங்கடித்த ஆள்தானே இவர்?

நீலக்குடை:
பொய். இதயத்தசை அழற்சி வரலாம் என்று எழுதினேன். வந்ததா இல்லையா? எம்ஆர்என்ஏ (ஃபைசர், மாடர்னா வகை) தடுப்பூசியின் இரண்டாவது தவணைக்குப் பிறகு சில நாட்களில், பெரும்பாலும் வளரிளம் ஆண்பிள்ளைகளுக்கு. அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட விஷயம். அன்று என்னைக் கேலி செய்தவர்களில் ஒருவராவது வந்து பேசினாரா?

இரவுப்பணி:
அரிதாக வந்தது, பெரும்பாலும் லேசாக வந்து குணமானது. தொற்றாலும் அதே அழற்சி வரும். "நின்றுவிடும்" என்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

வேப்பங்காய்:
சிஸ்டர், இவருக்குப் போய் விளக்கம் சொல்கிறீர்களே. என் கேள்வி அப்படியே கிடக்கிறது: 344-இல் 260.

நீலக்குடை:
என் கேள்வியும்தான் கிடக்கிறது: 5.3 எங்கே?

கணக்குப்பிள்ளை:
5.3-உம் சுழியம் இல்லையே? "பரப்பவே இல்லை" என்றல்லவா எழுதினீர்கள்? பத்து வயதுக்கு மேலே 18.6. அந்த 2021 பதிவின் திரைப்பிடிப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போடட்டுமா?

நீலக்குடை:
தாராளமாகப் போடுங்கள். வெட்டி ஒட்டாமல் முழுதாகப் போடுங்கள். அதற்குக் கீழே நீங்கள் எனக்கு எழுதிய வசவையும் சேர்த்து.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வரியைக் காட்டச் சொன்னேன். இன்னும் வரவில்லை.