மாட்டுக்கறியும் புவி வெப்பமும்: நம் கட்டுத்தரைக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி (வெள்ளகோவில்)

மாட்டுக்கறி உண்பவர்களால்தான் புவி வெப்பமடைகிறது என்றும், நாம் அதைத் தொடாததால் நமக்கு அதில் பங்கில்லை என்றும் எங்கள் ஊரில் சிலர் உறுதியாகப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள். கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகனோ கட்டுத்தரையில் நிற்கும் மாட்டையும் சேர்த்துக் குற்றம் சொல்கிறான். மேய்ச்சலுக்கென்றே கொறங்காடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறோம் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (ஈரோடு)

ஐயா, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருவது கறியிலிருந்து அன்று, உயிரோடு அசைபோடும் மாட்டின் வயிற்றிலிருந்து. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் அந்த வாயுவில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. காற்றில் அதன் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான். ஆனால் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இருந்த 19 கோடிக்கும் அதிகமான மாடுகளையும் கிட்டத்தட்ட 11 கோடி எருமைகளையும் நாம் வளர்ப்பது முதன்மையாகப் பாலுக்காகவே.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டுதல் இந்தியத் துணைக்கண்டத்தின் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் என்றும், வட அமெரிக்கக் கறவைக்கு 128 கிலோ என்றும் மதிப்பிட்டது. இதைக் கேட்டு மகிழ்வதற்கில்லை. அங்கே ஆண்டுக்கு 8,400 கிலோ பாலும் இங்கே 900 கிலோ பாலும் எனக் கொண்ட கணக்கு அது. ஆகவே ஒரு கிலோ பாலுக்கு நம்முடையதே நான்கு மடங்குக்கும் மேல். கறி உண்பவரைப் பார்த்து விரல் நீட்டும் முன் காப்பித் தம்ளரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதில் 2 (பொள்ளாச்சி)

மேலே சொன்னதோடு சந்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பால் வற்றிய கறவையும், டிராக்டர் வந்தபின் ஏருக்கும் வண்டிக்கும் தேவைப்படாத கலப்பினக் காளைக்கன்றும் எங்கள் ஊர்ச் சந்தைக்குத்தான் வருகின்றன. அங்கிருந்து லாரியேறிக் கேரளத்துக்குப் போகின்றன. விற்றவர் அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு அடுத்த கிடாரியைப் பிடித்துக்கொண்டு போகிறார். கறி விலை இல்லாவிட்டால் பால் விலை கட்டாது என்பது விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மாட்டை எவரும் உண்ணாவிட்டால் அது இன்னும் சில ஆண்டுகள் தீவனம் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருக்குமே தவிர, மீத்தேன் குறையப்போவதில்லை.

பிரேசிலில் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கி, கறிக்கென்றே மந்தை வளர்ப்பது வேறு கதை. அங்கே உண்பதைக் குறைத்தால் பலன் உண்டு. அந்த வாதத்தை அப்படியே எடுத்துவந்து, இங்கே வற்றிய மாட்டின் கறியை மலிவான புரதமாக உண்ணும் ஏழைச் சமூகங்கள்மீது சுமத்துவது சாதியைச் சூழலியல் மொழியில் பேசுவதே என்பது என் கருத்து.

பதில் 3 (காங்கயம்)

கொறங்காட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கிளுவை வேலிக்குள், வெள்வேல மர நிழலில், மழையை மட்டும் நம்பி வளரும் கொழுக்கட்டைப் புல்லை மாடு மாற்றி மாற்றி மேய்கிறது. உரமும் இல்லை, பாசனமும் இல்லை. மாட்டை விற்றுவிட்டால் அந்த இடம் காடாகாது, சைட் போட்டு விற்பார்கள். ஆயினும் நார் மிகுந்த காய்ந்த புல்லைத் தின்னும் மாடு, உண்ணும் அளவுக்கு ஒப்பிட்டால் மீத்தேனை அதிகமாகவே விடும்; மரமும் மண்ணும் காற்றிலுள்ள கரியமிலத்தைப் பிடித்துவைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. காங்கயம் மாடு வைத்திருப்பதாலேயே கணக்கு நேராகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

கொறங்காட்டில் விழும் சாணி வெயிலில் காய்ந்துவிடுவதால் அதிலிருந்து மீத்தேன் அதிகம் வராது. கலப்பின மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்ட நீரோடு காற்றுப் புகாமல் குழியில் தேங்கும் சாணியிலிருந்துதான் வரும். அதைச் சாண எரிவாயுக் கலனுக்குத் திருப்பினால் அடுப்பும் எரியும், மீந்த கழிவு தென்னைக்கும் ஆகும். தங்கை மகனை முதலில் அந்தக் குழிப் பக்கம் அழைத்துப் போங்கள்.