ஃபில்டர் இல்லாத டிஏசி: இயல்பான ஒலியா, அரைகுறை ஒலியா?

செவிவழி:
ஓவர்சாம்ப்ளிங்கும் (மாதிரிகளுக்கு நடுவுல புதுப் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது) டிஜிட்டல் ஃபில்டரும் இல்லாத டிஏசி, அதாவது டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்னழுத்தமா மாத்துற கருவி, வாங்கி ஒரு மாசம் ஆச்சு. சிடியில இருக்கிற மாதிரிகளை (சாம்பிள், அதாவது ஒலியலையை அடுத்தடுத்து அளந்து வெச்ச எண்கள்) அப்படியே மின்னழுத்தமா மாத்தும், அவ்வளவுதான். மிருதங்க அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா, சுத்தமா கேக்குது. ஃபில்டர் வெச்ச டிஏசியில துடிப்பு வர்றதுக்கு முன்னாடியே ஒரு நடுக்கம் கிளம்பும், அலையைத் திரையில காட்டுற ஆஸிலோஸ்கோப்புல நானே பாத்திருக்கேன். இல்லாததைச் சேர்க்கிறது எப்படிச் சரியான மீட்டெடுப்பு ஆகும்?

அலைவரி:
அண்ணா, நீங்க பார்த்தது ஒரே ஒரு மாதிரி மட்டும் உயர்ந்த சோதனைத் துடிப்பு. அந்த நடுக்கம் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு. அங்கே ஆற்றல் இருந்தாத்தான் தலைகாட்டும். மிருதங்கத்துல அங்கே என்ன பெருசா இருக்கு?

உங்க டிஏசி அடுத்த மாதிரி வர்ற வரைக்கும் இதையே பிடிச்சு வைக்குது. அதனால 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடியில, 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி 3.2 டெசிபெல் இறங்கிடும். 19 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 25.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு பிம்பமும் (மூலத்துல இல்லாத போலி நகல்) வரும். 1982-ல சிடி வந்தப்பவே சோனி செங்குத்தான அனலாக் ஃபில்டர் வெச்சது, ஃபிலிப்ஸ் 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் பண்ணிச்சு. ஃபில்டர் வேண்டாம்னு ரெண்டு பேருமே நினைக்கலை.

செவிவழி:
25 கிலோஹெர்ட்ஸ் எந்த மனுஷன் காதுல விழும் தம்பி? என் வயசுக்கு 13 தாண்டுறதே இல்ல.

அலைவரி:
அது காதுல விழாது. ஆனா ஆம்ப்ளிஃபயரும் ட்வீட்டரும் (மேல்ஸ்தாயி ஸ்பீக்கர்) நேர்கோட்டுல, அதாவது உள்ளே வர்றதுக்கு அதே விகிதத்துல, வேலை செய்யலைன்னா 25.1-உம் 19-உம் கலந்து, வித்தியாசமான 6.1 கிலோஹெர்ட்ஸ்ல புது ஒலி பிறக்கும். அது உங்க காதுல விழும்.

செவிவழி:
எந்தக் கச்சேரியில 19 கிலோஹெர்ட்ஸ் அவ்வளவு பலமா வருது? சோதனைச் சிக்னலுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

மாஸ்டரிங்மேசை:
ரெண்டு பேரும் பெரிய சிதைவை விட்டுட்டீங்க. 11.025 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை எடுத்துக்குங்க. மாதிரிகள் உச்சியில் விழாமல் 45 பாகை தள்ளி விழுந்தால், ஒவ்வொன்றும் உண்மையான உச்சத்தில் 0.707 மடங்குதான். அதை 0 டெசிபெல் (டிஜிட்டலில் மாதிரி எட்டக்கூடிய உச்ச அளவு) வரை ஏற்றி மாஸ்டர் செய்தால் (வெளியீட்டுக்கான இறுதி வடிவம் தயாரித்தால்) சாதாரண மீட்டர் பிழை காட்டாது. மீட்டெடுத்த அலையோ 3 டெசிபெல் மேலே போகும். டிஏசியின் ஃபில்டருக்குள் அதற்கு இடம் இல்லையென்றால் உச்சி வெட்டுப்படும். இதற்காகத்தான் ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பிஎஸ்.1770 என்ற ஒலி அளவீட்டுப் பரிந்துரை குறைந்தது 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் செய்து உண்மை உச்சத்தை அளக்கச் சொல்கிறது.

ஃபில்டர் இல்லாத டிஏசி இடைப்புள்ளிகளைக் கணக்கிடுவதே இல்லை. அதனால் அங்கே இந்த வெட்டும் இல்லை. சத்தமாக மாஸ்டர் செய்த ஆல்பங்களில் செவிவழி சார் கேட்கும் சுத்தம் இதனால் இருக்கலாம்.

அலைவரி:
இது எனக்குத் தோணவே இல்ல சார். ஆனா அதுக்கு ஃபில்டரைக் கழட்ட வேண்டியதில்லையே. டிஏசிக்குப் போறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் பிளேயரிலேயே 4 டெசிபெல் குறைச்சா போதும். அண்ணா, உங்க பழைய டிஏசியில ஒரு தடவை இப்படிக் கேட்டுப் பாருங்க.

செவிவழி:
நேத்து ராத்திரி ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு வெச்சுக் கேட்டேன். சத்தமா மாஸ்டர் பண்ணின புது ஆல்பத்துல, பழைய டிஏசியில இருந்த கரகரப்பு 4 டெசிபெல் குறைச்சதும் பெருமளவு போயிடுச்சு. என் பையன் மாத்தி மாத்திப் போட்டப்ப எது எதுன்னு சொல்ல முடியல. ஆனா 80-கள்ல வந்த ஒரு கச்சேரி சிடியில ஃபில்டர் இல்லாததுதான் இன்னும் பிடிக்குது. அதை மாஸ்டரிங் மேல பழி போட முடியாது, உச்சமே 0-க்கு 6 டெசிபெல் கீழதான் இருக்கு.

அலைவரி:
அப்போ அது மேல்ஸ்தாயி இறக்கம் தர்ற மென்மையா இருக்கலாம் அண்ணா. ஃபில்டர் வெச்ச டிஏசியில ஈக்வலைசரால 20 கிலோஹெர்ட்ஸ்ல 3.2 டெசிபெல் இறக்கி, அதே சிடியைத் திரும்பக் கேளுங்க. பையனையே மாத்திப் போடச் சொல்லுங்க.