அம்மாவின் பாதப் புண்ணுக்கு எந்தக் கட்டு பொருந்தும்?

கேள்வி (கல்லிடைக்குறிச்சி):
என் அம்மாவுக்கு வயது 62. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஐந்து ரூபாய் நாணய அளவில் வந்த புண் 6 வாரமாகியும் ஆறவில்லை. நாள்தோறும் காஸ் துணி வைத்துக் கட்டுகிறோம். மறுநாள் பிரிக்கும்போது அது புண்ணோடு ஒட்டிக்கொண்டு இரத்தம் கசிகிறது. காற்றாட விட்டால் காய்ந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. மருந்துக்கடையிலோ ஹைட்ரோகொலாய்டு பட்டையை (கசிவை உறிஞ்சி ஜெல்லாக மாறும் ஒட்டுப்பட்டை) காட்டி, ஒட்டிவிட்டு 5 நாள் பிரிக்காதீர்கள் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை):
ஆச்சி சொல்வதை ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலும் நம்பினோம். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர், பன்றிகளின் மேலோட்டமான காயங்களைப் பாலித்தீன் படலத்தால் மூடியபோது, திறந்து கிடந்தவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்ததைக் கண்டார். காய்ந்த பொருக்குக்கு அடியில் வழி தேடிச் செல்ல வேண்டிய தோல் செல்கள், ஈரப்பரப்பில் தடையின்றி நகர்கின்றன. ஒட்டிய காஸை இழுக்கும்போது நீங்கள் பிய்ப்பது அந்தப் புதுத்தோலைத்தான். சலைன் (சுத்தமான உப்புநீர்) ஊற்றி ஊறவிட்டு எடுங்கள்.

ஆனால் ஈரம் வேறு, சொதசொதப்பு வேறு. புண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து ஊறியிருந்தால் கட்டு கசிவை உறிஞ்சவில்லை என்று பொருள். கசிவு மிகுந்தால் அதை உறிஞ்சும் ஃபோம் (நுரைப்பஞ்சுக் கட்டு), அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கட்டு; வறண்டிருந்தால் ஈரம் தரும் ஹைட்ரோஜெல். புண் மாறமாற கட்டும் மாற வேண்டும். ஹைட்ரோகொலாய்டு, கசிவு குறைந்து நல்ல சிவப்புச் சதை வளரும் புண்ணுக்கு ஏற்றது. சர்க்கரை நோயால் உணர்வு மரத்திருக்கக்கூடிய காலில் அதை ஒட்டி 5 நாள் பார்க்காமல் இருக்க நான் துணியமாட்டேன். உள்ளே சீழ் கோத்தாலும் அம்மாவுக்கு வலிக்காமல் போகலாம்.

பதில் (வீரவநல்லூர்):
தங்கச்சி, கட்டைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார்கள்; நான் செருப்பைப் பற்றிச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் செருப்பின்றிச் சுற்றியதில் எனக்கும் இதே இடத்தில்தான் புண் வந்தது. விலையுயர்ந்த கட்டுகளை 7 மாதம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, கடைக்கும் வயலுக்கும் நடந்துகொண்டுமிருந்தேன். பாதத்தின் பாரத்தைப் பரப்பும் மாவுக்கட்டைக் காலோடு சேர்த்துப் போட்ட பின்புதான் 9 வாரத்தில் மூடியது. அம்மா நடக்கிறார்களா?

கேட்டவர்:
நடக்கிறார்கள் அண்ணாச்சி, வீட்டுக்குள் வெறுங்காலோடுதான். நேற்று முதல் கட்டில் லேசான வாடையும் வருகிறது.

செவிலியர்:
அப்படியானால் எந்தப் பட்டையும் வாங்க வேண்டாம். நாளைக் காலையிலேயே ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். புண்ணின் ஆழம் எலும்பைத் தொடுகிறதா, பாதத்தில் நாடி தட்டுகிறதா என்று அறுவைப் பிரிவில் பார்ப்பார்கள். இடையில் காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ இரவென்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். அதுவரை சலைனில் கழுவி, ஒட்டாத பாரஃபின் காஸின் மேல் உலர்ந்த காஸ் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். அம்மாவைக் கால் ஊன்ற விடாதீர்கள்.