54-இல் வேலையை விடலாமா, 58 வரை இழுக்கணுமா?

முள்ளுக்கத்தரி:
ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 28 வருஷம் ஓடிவிட்டது. கட்டிங்கில் சேர்ந்தேன், இப்போது ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். வயது 54. நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நின்று நின்று இரண்டு முட்டியும் போய்விட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பையன் ஓசூரில் வேலைக்குப் போகிறான், கடன் இல்லை. இலவம்பாடி பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரும் கிணறும் இருக்கிறது. பி.எஃப்.-இல் 11 லட்சம். பென்ஷன் வயது 58. அதுவரை இழுக்கணுமா, இல்லை 50-க்கு மேல் வாங்கலாம் என்கிற குறைந்த பென்ஷனை வாங்கிக்கொண்டு இப்பவே ஊருக்குப் போய்விடலாமா? வீட்டில் கேட்டால் “உங்க இஷ்டம்” என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

பாலாற்றங்கரை:
விடுங்க அண்ணே. யோசிக்கவே வேண்டாம். என் மச்சான் ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் இருந்தார். “58 முடியட்டும்” என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னார். ஏழு மாசம் பாக்கி இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டின பணத்துக்கு ஒரு மாசம்கூட அவர் கையால் பென்ஷன் வாங்கவில்லை. முட்டி பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
மச்சான் கதைக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒருத்தர் சீக்கிரம் போய்விட்டார் என்பதால் எல்லோரும் சீக்கிரம் போவோம் என்று கணக்குப் போட முடியாது. எண்பது வரை இருந்தால் என்ன செய்வது? கணக்கைப் பார்ப்போம்.

பென்ஷன் சூத்திரம்: சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. இந்தச் சம்பளம் என்பது கையில் வாங்குவது இல்லை, உச்சவரம்பு வைத்த சம்பளம். 2014 செப்டம்பருக்கு முந்தின சர்வீஸுக்கு 6,500, அதற்குப் பிந்தினதுக்கு 15,000. அண்ணனுக்கு முன்னால் 18 வருஷம், பின்னால் 10 வருஷம் என்று வைத்தால் 1,671-ம் 2,143-ம் சேர்த்து 3,814 ரூபாய். 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4% வெட்டு. நாலு வருஷத்துக்கு வெட்டினால் கையில் வருவது 3,200 சொச்சம். 58 வரை நின்றால், 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் கூடுதலாகச் சேர்க்கும் 2 வருஷத்தோடு 5,000 வாக்கில் வரும். 58 வந்ததும் அந்த வெட்டைத் திருப்பித் தரமாட்டார்கள், ஆயுசுக்கும் அதே 3,200தான். இன்னொன்று. பென்ஷன் வாங்கும்போது நீங்கள் தவறினால் அண்ணிக்கு வருவது அதில் பாதி. 3,200-இல் பாதி என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:
3,200-க்கும் 5,000-க்கும் நடுவில் 1,800 ரூபாய். அதற்காக ஒரு மனுஷன் நாலு வருஷம் நிற்கணுமா?

காட்பாடி ஜங்ஷன்:
1,800-க்காக இல்லை தம்பி, நாலு வருஷச் சம்பளத்துக்காக. அதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

கோட்டை மதில்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். வேலையை விடுவது வேறு, பென்ஷனுக்கு மனு போடுவது வேறு. இன்றைக்கு வேலையை விட்டால் இன்றைக்கே பென்ஷன் கேட்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை. 10சி படிவம் கொடுத்து, இத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்லும் ஸ்கீம் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, 58-இல் பென்ஷன் மனுவான 10டி படிவம் கொடுத்தால் 4% வெட்டு கிடையாது. கேள்வி இவ்வளவுதான்: நடுவில் நாலு வருஷம் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்?

பி.எஃப். 11 லட்சம். கிராஜுவிட்டி, அதாவது கம்பெனி தரும் பணிக்கொடை, அடிப்படைச் சம்பளம் 18,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆலும் 28-ஆலும் பெருக்கினால் 2.9 லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட 14 லட்சம். போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் இப்போது 8.2% வட்டி, மாசத்துக்குக் கணக்குப் பார்த்தால் 9,500 சொச்சம், மூணு மாசத்துக்கு ஒருமுறை வரும். ஆனால் அதில் சேர 60 ஆகணும். ஓய்வு பெற்றவர் என்றால் 55 போதும், பணம் வந்த மூணு மாசத்துக்குள் போடணும். நீங்கள் 54. ஒரு வருஷம் பொறுத்தால் கதவு திறக்கும்.

பாலாற்றங்கரை:
அதே போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் புருஷன் பெண்டாட்டி பேரில் கூட்டாகப் போட்டால் 15 லட்சம் வரை போடலாம், 7.4%. 14 லட்சத்துக்கு 8,600 வரும். 900 ரூபாய்க்காக ஒரு வருஷம் நிற்கச் சொல்கிறீர்களா? நீங்கள் லைனில் நின்றிருக்கிறீர்களா சார்?

கோட்டை மதில்:
நின்றதில்லை, உட்கார்ந்தே முதுகு போனவன். அந்த வாதத்தில் நீங்கள் சொல்வது சரி, 900 பெரிய விஷயம் இல்லை.

சத்துவாச்சாரி அக்கா:
ஆம்பளைங்க எல்லாரும் வட்டி பேசுறீங்க. என் வீட்டுக்காரர் 53-இல் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு வாங்கினார். முதல் மூணு மாசம் சொர்க்கம். அப்புறம் காலை பதினோரு மணிக்கு சமையல்கட்டுக்கு வந்து “இன்னைக்கு என்ன குழம்பு” என்று நிற்பார். பதினோரு மணிக்கு என்ன குழம்பு? பிறகு வேலூர் கோட்டைக்கு நடைபோகிறேன் என்று போய் மத்தியானம் வரை அகழி ஓரம் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது வருஷம் ஒரு அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார், விட்ட சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு. அந்த வயதில் விட்ட வேலை திரும்ப வராது. அதனால் நான் கேட்பது, தம்பி ஊரில் போய் என்ன செய்யப்போகிறார்?

முள்ளுக்கத்தரி:
கத்தரி போடலாம் என்று எண்ணம் அக்கா. பேரைப் பார்த்தாலே தெரியுமே. எங்க ஊர் முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
முட்டி வலிக்கிறது என்று வேலையை விடுகிறவர் கத்தரித் தோட்டத்தில் குனியப்போகிறாரா? காயைப் பறிப்பது யார்? காம்பு முள்ளுக்குப் பயந்து கூலிக்கு வருகிறவர்கள் கூடுதல் கூலி கேட்பார்கள். தண்டுத் துளைப்பான் புழு விழுந்தால் வாரத்துக்கு ஒரு தடவை தோட்டம் முழுக்கச் சுற்றி வாடின தண்டைக் கிள்ளணும். நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் அன்றைய விலைதான் விலை, குறியீட்டைக் காட்டினால் கமிஷன் மண்டிக்காரர் சிரிப்பார். கரண்ட் இலவசம், மற்றது எதுவும் இலவசம் இல்லை. நானும் விவசாயி மகன், அதனால் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை:
தோட்டத்தில் வலித்தால் வரப்பில் உட்காரலாம். லைனில் உட்கார முடியுமா?

சத்துவாச்சாரி அக்கா:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முட்டிக்கு இன்னும் யாரும் டாக்டரைக் காட்டச் சொல்லவில்லையே! அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். நாளைக்கு ஆபரேஷன் என்றால், சம்பளமும் இல்லாமல் நீங்கள் சேர்த்த பணத்தில்தான் கை வைக்கணும்.

கோட்டை மதில்:
அண்ணே, ஒன்று கேட்க மறந்தேன். பி.எஃப். பதிவில் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதும் ஒன்றா?

முள்ளுக்கத்தரி:
நேற்று ராத்திரி பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆதாரில் என் வருஷம் சரி. பி.எஃப். பதிவில் இரண்டு வருஷம் தள்ளி இருக்கிறது, சேர்ந்தபோது கம்பெனி கிளார்க் எழுதினது. அப்படியே விட்டால் அவர்கள் கணக்கில் எனக்கு 52.

கோட்டை மதில்:
அப்போது 58-க்கு நாலு வருஷம் இல்லை, ஆறு. இப்பவே பென்ஷன் கேட்டால் வெட்டும் ஆறு வருஷத்துக்கு. திருத்துவதற்குக் கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கூட்டு அறிவிப்பு கொடுக்கணும். வேலையில் இருக்கும்போது எச்.ஆர். மேஜை பத்தடி தூரம். விட்டபிறகு நீங்கள் வெளியாள், கேட்டில் வாட்ச்மேனிடம் பேசணும்.

பாலாற்றங்கரை:
சரி, இதில் நான் அடங்கினேன். தேதியைத் திருத்துகிறவரை நில்லுங்கள் அண்ணே. அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம்.

முள்ளுக்கத்தரி:
திங்கட்கிழமை பள்ளிச் சான்றிதழோடு எச்.ஆர்.-ஐப் பார்க்கிறேன். எக்ஸ்ரேவும் எடுத்துவிடுகிறேன். விடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு இல்லை, ஆனால் விட்டாலும் பென்ஷனை 58 வரை தொடமாட்டேன். இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். குழம்பு விஷயத்துக்கு மட்டும் சிரித்தாள்.

சத்துவாச்சாரி அக்கா:
“உங்க இஷ்டம்” என்றதற்கு இப்போது அர்த்தம் புரிந்ததா தம்பி?