ஐசோஸ்டெரிக் வெப்பம் மைனஸ்ல வருது, அவசரம்

துளைமணி: வணக்கம். திடப்பொருள்ல வாயு ஒட்டும்போது வெளிவர்ற வெப்பத்தை (ஐசோஸ்டெரிக் வெப்பம்) கணக்குப் போடுறேன். கார்பன் டை ஆக்சைடுக்கு ரெண்டு ஐசோதெர்ம் (ஒரே வெப்பநிலையில அழுத்தத்துக்கு எவ்வளவு ஒட்டுதுங்கிற வரைபடம்) எடுத்து கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாடு போட்டேன். வெப்பம் மோலுக்கு மைனஸ் 80 கிலோஜூல்ல ஆரம்பிச்சு, லோடிங் (ஒட்டின வாயு அளவு) கூடக்கூட மைனஸ் 89க்குப் போகுது. பேப்பர்ல எல்லாம் 40 பக்கம்தான் இருக்கு. நாளைக்குக் காலையில கைடுகிட்ட காட்டணும். எங்க தப்பு?

வெற்றிடக்குழாய்: என்ன பொருள்? எந்த ரெண்டு வெப்பநிலை? எத்தனை பார் வரைக்கும்?

சல்லடை: ஜியோலைட்டா (நுண்துளை உள்ள கனிமம்) இருந்தா முதல்ல டீகேஸை, அதாவது துளையில இருக்கிற ஈரத்தையும் வாயுவையும் சூடாக்கி வெளியேத்துறதைப் பாருங்க. 350 டிகிரியில வெற்றிடத்துல ராத்திரி முழுக்க வைக்கணும். கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் சோடியம் அயனிகளைத் தண்ணி பிடிச்சுக்கும், கார்பன் டை ஆக்சைடுக்கு நல்ல இடமே கிடைக்காது. எனக்கு ஆறு மாசம் இதுலயே போச்சு.

பழையமாணவன்: இது முதுகலை முதல் பருவப் பாடம். என்தால்பி மாற்றம் மைனஸ். ஐசோஸ்டெரிக் வெப்பம் அதன் எதிர்க்குறி, வழக்கப்படி பிளஸ். அதைப் படித்துவிட்டு வந்து கேட்கலாம். லாங்முயர் சமன்பாட்டில் புள்ளிகளைப் பொருத்தியிருப்பீர்கள்; ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனி உச்சக் கொள்ளளவு விட்டிருப்பீர்கள். பிழை அங்கேதான்.

துளைமணி: 13எக்ஸ் ஜியோலைட். 273, 298 கெல்வின். 1 பார் வரை. டீகேஸ் 350ல 12 மணி நேரம். ஃபிட் பண்ணல, புள்ளிகளுக்கு நடுவுல நேர்க்கோடு போட்டு அழுத்தத்தை எடுத்தேன்.

கரித்துகள்: கருவி தர்றது மிகை அளவு, அதாவது ஒட்டாமலே துளைக்குள்ள இருக்கக்கூடிய வாயுவைக் கழிச்சது. அதை முழு அளவா மாத்தினீங்களா?

பழையமாணவன்: 1 பாரில் அது பொருட்டே இல்லை. 298 கெல்வினில் வாயு அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 0.04 மில்லிமோல். துளைக் கனவளவு கிராமுக்கு 0.3 என்றால் திருத்தம் 0.012 மில்லிமோல். கவரப்படுவதோ சில மில்லிமோல்.

கரித்துகள்: 1 பார்ல சரி. நான் 60 பார்ல மீத்தேன் பண்றேன், அங்க மிகை அளவு உச்சம் தொட்டுட்டு இறங்கவே செய்யும். துளைக் கனவளவை ஹீலியத்தால அளக்கிறோம், ஹீலியம் ஒட்டவே ஒட்டாதுன்னு நினைச்சுக்கிட்டு. அது எவ்வளவு தூரம் சரி?

பழையமாணவன்: உயர் வெப்பநிலையில் அளந்தால் போதுமான அளவு சரி.

கரித்துகள்: எந்த வெப்பநிலைங்கிறதுதானே சண்டையே.

வெற்றிடக்குழாய்: மணி, ரெண்டு ஃபைல்லயும் அழுத்தம் ஒரே அலகுலயா இருக்கு? ஒண்ணு கிலோபாஸ்கல், ஒண்ணு பார்னா 100 மடங்கு வித்தியாசம். 100க்கு இயல் மடக்கை 4.605. அதை 8.314ஆல பெருக்கி, 1/273 கழித்தல் 1/298ஆல வகுத்தா மோலுக்கு சுமார் 125 கிலோஜூல். எல்லாப் புள்ளியும் அதே அளவு இறங்கும். உங்க எண்களோட 125 கூட்டுங்க: 45ல ஆரம்பிச்சு 36. 13எக்ஸுக்கு அப்படித்தான் வரணும். சோடியம் பக்கத்துல இருக்கிற வலுவான இடம் முதல்ல நிரம்பும், அப்புறம் வெப்பம் குறையும். மைனஸ் வந்ததால கண்ணுல பட்டுச்சு. டாரும் மில்லிபாரும் கலந்திருந்தா 8 கிலோஜூல்தான் நகரும், யாரும் கவனிக்காம பேப்பர்லயே ஏறிடும்.

சல்லடை: ஆனாலும் ஈரத்தை ஒரு தடவை பாத்துடுங்க.

துளைமணி: 298 வேற லேப் கருவி, பார்ல இருந்துச்சு. சரியாயிடுச்சு. ரொம்ப நன்றிண்ணா.

வெற்றிடக்குழாய்: நல்லது. முடிஞ்சா 313லயும் ஒண்ணு எடுங்க. ரெண்டே வெப்பநிலைன்னா, அழுத்தத்தோட மடக்கைக்கும் 1/வெப்பநிலைக்கும் போடுற கோடு வளையுதான்னு பார்க்க வழியில்ல.